பனைமரத்து நட்சத்திரம்

ஐயா, நாலு வரி போதும் என்று எழுதியிருக்கிறாய். ஊரப்பாக்கத்துச் சபையில் கிறிஸ்துமஸ் மலர் போடுகிறார்களாம். புதுப் போதகரின் அம்மா நாவல் எழுதியவர் என்று தெரிந்து கமிட்டிக்காரர்களுக்கு ஒரே குஷியாம். "இந்தக் கிறிஸ்துமஸ் நாவலை எழுதத் தூண்டியது எது" என்று நாலு வரி எழுதி, கூடவே ஒரு போட்டோவும் அனுப்ப வேண்டுமாம். போட்டோ இல்லை. நாலு வரியில் முடிகிற சங்கதியாக இருந்தால் நான் எதற்கு அத்தனை பக்கம் எழுதிக் கையை ஒடித்துக்கொண்டேன்? இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் "கர்த்தருடைய கிருபை" என்று சொல்லி, காப்பியைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அங்கி போட்டுக்கொண்டு நீ நடத்தப்போகிற முதல் கிறிஸ்துமஸ் இது. அன்றைய ஆராதனையில் என் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படிக்கப்போவதாக வேறு எழுதியிருக்கிறாய். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். மலரில் போட வேண்டுமானால் இதையே போடு, எல்லோரும் படிக்கட்டும். வெட்டிச் சுருக்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

முதலில் உன் மனதில் இருக்கிற ஒன்றைப் பேசிவிடுகிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது மெட்ராஸிலிருந்து மடக்கு நட்சத்திரம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? சிவப்புத் தாளில், ஓரத்தில் ஜரிகை ஒட்டினது. மெஸ் காசில் மிச்சம் பிடித்து வாங்கினேன் என்று வாசலில் நின்று அதை விரித்துக் காட்டினாய். உன் அப்பா அதை உன் கையிலிருந்து பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்து, அடுப்பில் போட்டார். அந்த லீவு முடியும்வரை நீ அவரோடு பேசவில்லை. அடுத்த ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் அவர் போய்ச் சேர்ந்தார். பெட்டியை மூடும்போதுகூட உன் முகம் இறுகித்தான் இருந்தது. "அப்பாவுக்கு நான் எது செஞ்சாலும் பிடிக்கல" என்று அப்புறம் ஒருநாள் சொன்னாய். அடேய், அவருக்குப் பிடிக்காமல் போனது நீ இல்லை. நட்சத்திரம்.

நாம் இருந்த காலனி உனக்குத் தெரிந்ததுதான். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் மேட்டில் நம் ஜனங்கள், அந்தப் பக்கம் கடலோரத்தில் குப்பம். நம் ஆட்கள் சவுக்கு வெட்டப் போவார்கள், நம் பெண்கள் குப்பத்து மீனைக் கூடையில் சுமந்து விற்கப் போவார்கள். பேச்சுவார்த்தை எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் நாம் போனதில்லை, நம் வீட்டில் அவர்கள் கை நனைத்ததில்லை. நம் வேதக்கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒற்றைப் பனையின் உச்சியில் கிணற்று ராட்டினம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். டிசம்பர் பிறந்து முதல் ஞாயிறு, மூங்கில் சிம்பில் செய்த நட்சத்திரத்துக்குள் லாந்தரை வைத்து, கயிற்றால் இழுத்து மேலே ஏற்றுவது உன் அப்பா வேலை. பள்ளிக்கூடத்து வாத்தியாரான அவர் கயிற்றைத் தொட்டால்தான் கிறிஸ்துமஸ் வந்ததாகக் கணக்கு. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, திரும்ப ஏற்றுவார். ரேஷனில் எண்ணெய் கிடைக்காத வருஷத்தில் நம் வீட்டு விளக்கு அணைந்திருக்கும், அது அணையாது. நான் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

நட்சத்திரம் ஏறின மறுநாள் குப்பத்திலிருந்து எல்லப்பன் வருவான். ஒல்லியான ஆள், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். ஓலையில் சுற்றிய கொடுவா மீன் ஒன்றை வாசற்படியில் வைப்பான். "இன்னாப்பா இது" என்று கேட்டால், "நச்சத்திரத்துக்கு, வாத்தியாரே" என்பான். வருஷா வருஷம் இதே கதைதான். நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? ஏதோ வேண்டுதல் என்று நினைத்தோம். மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள் இல்லையா, அப்படி. அப்போதிருந்த பாஸ்டர் ஐயா அதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: பாலன் இயேசுவைத் தேடி, நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள், நமக்கும் கிழக்கே கடலிலிருந்து ஒருவர் காணிக்கையோடு வருகிறார் என்று. உன் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானும் கொடுவாயைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆமென் சொன்னேன். எதற்காக அந்த மனிதன் மீன் கொடுக்கிறான் என்று உட்காரவைத்து ஒரு பேச்சு கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

காலனிக்குக் கரண்ட் வந்த வருஷம் நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அதை வாங்கி வந்ததும் உன் அப்பாதான். கம்பி பள்ளிக்கூடம் வரைக்கும்தான் வந்தது, கோயில் பக்கம் வரவில்லை. "லாந்தர் எதுக்கு இனிமே? பல்பு நட்சத்திரம் போட்டா மகாபலிபுரம் வரைக்கும் தெரியும்" என்று பிள்ளைகளெல்லாம் குதித்தார்கள். பனையிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? வடக்கே ஒரு கூப்பிடு தூரம். ஓட்டுக்கூரைக்கு மேலே சவுக்குக் கழியை நட்டு, பெரிய நட்சத்திரம் ஏற்றினார்கள். சுவிட்சை உன் அப்பா போட்டார். காலனியே கை தட்டியது. நானும்தான் தட்டினேன். எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று.

அந்த வருஷம் மீன் வரவில்லை. "எல்லப்பனுக்குக் கரண்ட் நட்சத்திரம் பிடிக்கலையோ என்னவோ" என்று நான் கேலி பேசினேன். அவன் ஊரிலேயே இல்லை. தம்பி தேசப்பனோடு தெற்கே சதுரங்கப்பட்டினம் பக்கம் மாமன் வீட்டில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், தூறலும் மூட்டமுமாக இருந்தபோது, அண்ணனும் தம்பியும் கட்டுமரத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள். லைட் ஹவுஸ் வெளிச்சம் மழையில் மங்கிப்போயிருந்தது. நம் நட்சத்திரம் மட்டும் பளிச்சென்று எரிந்தது. கரைக்கு அருகே, கடலுக்குள் பாறைகள் உண்டு என்று உனக்குத் தெரியும். பனைக்கு நேராக வந்தால் பாறைக்கு நடுவே வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேராக வந்தால் வழி இல்லை, பாறைதான் இருக்கிறது.

தேசப்பன் விடிந்ததும் கரை ஒதுங்கினான். எல்லப்பன் மறுநாள். குப்பமே அழுதது, நம் பெண்களும் போய் அழுதார்கள். ஆனால் துக்கம் ஆறுவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பிறந்து வளர்ந்த கரையில், கண்ணைக் கட்டிவிட்டாலும் வருகிற ஆள் எப்படிப் பாறையில் மோதுவான்? சாராயக் கடைகள் புதிதாகத் திறந்திருந்த காலம் அது. எந்தச் சாவுக்கும் சுலபமாக ஒரு காரணம் கையில் இருந்தது. குடித்திருப்பான். குடித்துவிட்டு, கல்யாணமாகாத தம்பியையும் கொன்றுவிட்டான். பஞ்சாயத்தில் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பெற்ற தாய் பாப்பம்மாளும் அதையே பிடித்துக்கொண்டாள். படையல் போடும்போது சின்னவனுக்கு மட்டும் இலை போட்டாள். பெரியவனுக்கு இலை கிடையாது என்று ஊரறியச் சொல்லிவிட்டாள். கடலில் போனவனுக்குப் படையல் இல்லையென்றால் அந்த ஜனங்களிடத்தில் அவன் பிறக்கவே இல்லை என்று அர்த்தம், ஐயா.

எல்லப்பன் பெண்சாதி கன்னியம்மா நம் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நடுப்பகல். நான் அதிரசத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"வாத்தியாரே, நச்சத்திரத்த ஏன் எடம் மாத்தின?" என்று கேட்டாள்.

உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்ட் வந்த கதையைச் சொன்னார்.

"அவுரு பொழுது சாஞ்சிதான் வருவாரு. மத்தவங்கல்லாம் வெளிச்சத்துலயே கரை ஏறிடுவாங்க. மார்கழியில ஒங்க நச்சத்திரத்த மூக்குக்கு நேரா வெச்சிக்கினு வந்தா, பாறை தானா ஒதுங்கிக்கும்னு எங்கிட்ட சொல்லிக்கீறாரு. வேற யாருக்கும் தெரியாது. தொழில் பண்றவன் அடையாளத்த வெளிய சொல்லமாட்டான். அதுக்குத்தான் வருசா வருசம் மீனு குட்தாரு. நீ இன்னான்னு நெனச்ச?"

உன் அப்பா வாசலுக்கு வந்து பனையையும் பள்ளிக்கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னா, புருசனுக்குப் பரிஞ்சி பேசுறேன்றாங்க. நீ வந்து பஞ்சாயத்துல ஒரு வார்த்த சொல்லு. எடம் மாத்திட்டோம், அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லு. அவரு குடிக்கல வாத்தியாரே. அது போதும் எனுக்கு. நான் கேஸு போட வர்ல, நாயம் கேக்க வர்ல. அவருக்கும் ஒரு எல போடட்டும்."

"நாளைக்கே வரேம்மா" என்றார் உன் அப்பா. சொன்ன மனிதர் நல்லவர்தான். அன்று சாயங்காலமே பாஸ்டர் ஐயா வீட்டில் கமிட்டி கூடியது. பல்பு நட்சத்திரத்தை உன் அப்பாவே கூரையில் ஏறிக் கழற்றிவிட்டுத்தான் அங்கே போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? நீயும் இப்போது கமிட்டிகளுக்கு நடுவில்தானே உட்கார்ந்திருக்கிறாய். காலனிக்காரன் விளக்கை மாற்றி வைத்து இரண்டு உயிர் போயிற்று என்று குப்பத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நம் பெண்களுக்கு மீன் கொடுக்கமாட்டார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவர்கள் பயந்தது பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் பாஸ்டர் ஐயா, "பண்டிகை முடியட்டும் வாத்தியாரே, அப்புறம் பக்குவமா பேசிக்கலாம்" என்றார். எவ்வளவு மிருதுவான வார்த்தை பார். பண்டிகை முடியட்டும். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பாயை விரித்துச் சுருண்டுவிட்டார். நானும் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேனே தவிர, "எழுந்து போங்க" என்று சொல்லவில்லை.

அந்தப் பண்டிகைக்குத்தான் நீ உன் மடக்கு நட்சத்திரத்தோடு வந்து நின்றாய். இப்போது சொல், அவர் அதை வேறு என்னதான் செய்திருப்பார்?

புது வருஷம் பிறந்த பிறகு ஒருநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். அதற்குள் பாப்பம்மாள் மருமகளையும் பேத்தியையும் வீட்டைவிட்டு விரட்டியிருந்தாள். குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறவளுக்கு என் வீட்டில் சோறு இல்லை என்று. கன்னியம்மா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் அப்பா பாப்பம்மாள் வாசலில் போய் நின்றார். அவள் இவரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையால் மணையைத் துடைத்துப் போட்டு, "குந்து வாத்தியாரே, எம் புள்ளங்க துக்கத்த கேக்க வந்தியா? நீதான்யா மனுசன்" என்று சொல்லி டீ வாங்கி வரச் செய்திருக்கிறாள். நம்மிடம் கை நனைக்காத வீட்டில் உன் அப்பாவுக்கு டீ. அவர் அதைக் குடித்தார். குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கொல்லையில் போய் வாந்தி எடுத்தார். "அந்தம்மா டீ குடுத்துட்டாங்கடி" என்று மட்டும் சொன்னார், திரும்பத் திரும்ப. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. வாய் வரைக்கும் வந்த சொல்லை ஒரு டம்ளர் டீ தடுத்துவிடும்; போதகராக இருக்கிற நீ இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். உனக்கு ஊரெல்லாம் டீ கொடுப்பார்கள்.

அவர் போன பிறகு செங்கல்பட்டுக்கு வீடு மாறி வந்து, ஏரிப் பக்கம் இந்த இரண்டு அறைக்குள் உட்கார்ந்து நாவலை எழுதினேன். அதற்கு முன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். தூண்டியது எது என்று கேட்டாயே, கோபம்தான் தூண்டியது. பாஸ்டர் ஐயா மேல் கோபம், உன் அப்பா மேல் கோபம், அந்தக் கொடுவா மீனைத் தின்ற என் நாக்கு மேல் கோபம். பனை, நட்சத்திரம், கரண்ட், அண்ணன் தம்பி எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டேன். நாவலைத் தொடராகப் போட்ட பத்திரிகைக்காரர், "கிறிஸ்துமஸ் சமயத்தில் முடிகிற தொடர், சாவோடு முடிக்காதீர்கள்" என்று எழுதினார். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கே கை வரவில்லை. நாவலில் வாத்தியார் சட்டென்று நினைத்துக்கொண்டு ஓடுகிறார், லாந்தரை எடுத்துப் பனையில் ஏற்றுகிறார், கட்டுமரம் பாறைக்கு நடுவே புகுந்து கரைக்கு வந்துவிடுகிறது. ஊரே மணலில் மண்டியிடுகிறது. எத்தனை பேர் அதைப் படித்து அழுததாக எழுதினார்கள். நீயும் எழுதினாய். நான் அந்தக் கடிதங்களை வாசித்து வாசித்துச் சந்தோஷப்பட்டேன், வெட்கம்கெட்டவள்.

போன மாதம் ஓய்வூதிய விஷயமாக அச்சரப்பாக்கம் போக வேண்டியிருந்தது. சந்தை நாள். கருவாட்டுக் கடைகளில் ஒன்றில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். இளைத்து, கன்னம் ஒட்டி, ஆனால் அவளேதான். பக்கத்தில் மகள், பாவாடை சட்டை போட்டு எடை போட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. என் பையில் நாவல் இருந்தது, எங்கே போனாலும் எடுத்துப்போகிற பழக்கம். உன் புருஷனை வைத்துத்தான் எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லி, அங்கேயே கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"நல்லாதான் கீது" என்றாள். "ஒங் கதையில அவரு கரைக்கு வன்ட்டாரா?"

"வந்துட்டாரும்மா."

"தம்பியும்?"

"தம்பியும்."

"குடிச்சிக்கினு வந்தாருன்னு எழுதலயே?"

"ஐயோ, இல்லம்மா!"

"அப்ப இத இன்னாத்துக்கு எனுக்குப் படிக்கிற? எனுக்குத்தான் தெரியுமே. எங்க அத்தைக்குப் படிச்சிக் காட்னியா?"

நான் புத்தகத்தை மூடினேன். அவள் வேறு யாருக்கோ நெத்திலி அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவளுக்குச் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இதுதான் போலிருக்கிறது.

அடுத்த பஸ்ஸிலேயே கடற்கரைக்குப் போகவில்லை, இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்தேன். அப்புறம் போனேன். பாப்பம்மாளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. என்னைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். டீ வாங்கி வரச் சொன்னாள். "வேண்டாம்மா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், நட்சத்திரத்தை எடுத்து மாட்டியது யார் என்பது வரைக்கும். கிழவி கையைத் தரையில் ஊன்றி என் பக்கம் நகர்ந்து வந்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"எம் பெரியவன் குடிக்கலன்னு நீ சொன்னா எனுக்குக் கசக்குதா?" என்றாள். "நான் பெத்தவதானே. ஆனா அவன குடிகாரன்னு சொன்னது ஊரு. ஊரு சொன்னத ஊருதான் மாத்தணும். பஞ்சாயத்துல பொம்பள பேசக் கூடாது, நீயும் பேச முடியாது, நானும் பேச முடியாது. வாத்தியாரு பூட்டாரு. ஒனுக்கு ஒரு புள்ள இருந்தானே, இன்னா பண்றான்?"

"போதகரா இருக்கான்" என்றேன்.

"அப்ப வாய் இருக்கும்ல. வரச் சொல்லு. அமாவாசைக்கு யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க, பஞ்சாயத்து கூடும். அவன் வந்து நின்னு சொன்னா, அன்னிக்கே ரெண்டு எல போடுறேன். எம் மருமவளையும் கூட்டியாரச் சொல்லு."

இதுதான் விஷயம். மார்கழி அமாவாசை உன் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிறது. உனக்குக் கேரல் ரவுண்ட்ஸ் இருக்கும், ஒத்திகை இருக்கும், குடில் கட்டுவது இருக்கும். பண்டிகை முடியட்டும் அம்மா என்று ஒரு கார்டு போடத் தோன்றும். தோன்றினால் உன் அப்பாவை நினைத்துக்கொள். குப்பத்தில் உன்னை அடிக்கலாம், அதை மறைக்க நான் விரும்பவில்லை. காலனியில் நம் சொந்தக்காரர்களே உன்மேல் மண்ணை வாரித் தூற்றுவார்கள், பழசைக் கிளறி எங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தாயா என்று. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இருக்கிறது நீ ஒரு பிள்ளை. இருந்தும் வா என்றுதான் சொல்கிறேன். பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்றால், பாப்பம்மாளும் பெற்றவள்தான்.

வருகிற வழியில் அச்சரப்பாக்கத்தில் இறங்க முடியாது, அது வேறு திசை. அதனால் கன்னியம்மாவை நான் போய் அழைத்து வருகிறேன். வருவாளோ மாட்டாளோ, கேட்டுப்பார்க்கிறேன். நீ திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடித்து நேராகக் குப்பத்துக்கு வந்துவிடு. அங்கியோடு வா, அவர்கள் அதற்கு மரியாதை கொடுப்பார்கள். மணலில் நின்று பேச வேண்டும், நீட்டி முழக்காதே. பிரசங்கம் வேண்டாம், சாஸ்திரிகள் வேண்டாம், கிருபை வேண்டாம். எங்கள் அப்பா நட்சத்திரத்தை இடம் மாற்றினார், எல்லப்பனுக்கு அது தெரியாது, அவர் குடிக்கவில்லை. இவ்வளவு சொன்னால் போதும். யாராவது டீ கொடுத்தால், சொல்லி முடித்த பிறகு வாங்கிக் குடி.

என் நாவலை மட்டும் எடுத்து வராதே.

அம்மா